இரண்டு பில், ஒரே கார்டு

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிப்பார்கள், மிக்சரைக் கொறிப்பார்கள், கேசரியில் ஸ்பூனால் இரண்டு வாய் எடுத்துக்கொள்வார்கள். இலை போட்டுச் சோறு மட்டும் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு அப்புறம் பெண் வேண்டாம் என்று சொன்னால் சொந்தபந்தம் காறித் துப்பும்.

இப்போது பெண் பார்ப்பதே ஓட்டலில்தான் நடக்கிறது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வீட்டை ஒட்டடை அடிக்க வேண்டாம், எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடுகிற சாக்கில் எட்டிப் பார்க்க மாட்டாள். ஆனால் இந்தக் கை நனைக்கிற விஷயம் மட்டும் எங்களைவிட்டுப் போகாமல் ஓட்டலுக்கும் கூடவே வந்துவிட்டது. இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், பில் மட்டும் தனித்தனி. அவரவர் சோற்றுக்கு அவரவர் காசு. அப்படிச் செய்தால் கை நனைத்ததாக ஆகாது. இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் என்று தெரியாது, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

என் மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாரக் கடைசியில் பாலக்கோட்டுக்கு வருவாள். அவளுக்கு இதற்கு முன்பும் வரன்கள் வந்து போயிருந்தன. ஒரு வீட்டுக்கு அவள் நிறம் போதவில்லை, ஒரு வீட்டுக்கு எங்கள் நிலம் போதவில்லை, ஒரு வீட்டார் ஏன் என்றே சொல்லவில்லை. அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ஓசூர் பஸ் ஏறிவிடுவாள். நான்தான் ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்களோடு சண்டை போடுவேன்.

இந்த முறை வந்தவர்கள் சேலம் பக்கம். பையனுக்கும் ஓசூரில்தான் வேலை. இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கட்டும் என்று அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சைவ ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சந்தித்தோம்; அவர்கள் சொந்தக்காரர்களோடு எட்டு பேர் வந்திருந்தார்கள். பையனின் அப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, அளந்து பேசுகிற ஆள். என்னைப் பார்த்ததும் வாய் நிறைய “வாங்க தங்கச்சி” என்றார். அந்த ஒரு சொல்லுக்கே நான் பாதி உருகிப்போனேன். ஆனால் உட்கார்ந்த கையோடு சர்வரைக் கூப்பிட்டு, “ரெண்டு டேபிளுக்கும் தனித்தனியா பில்லு போட்டுருங்க தம்பி” என்றும் சொல்லிவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னோம். கார் நிறுத்துகிற இடத்தில், வெயிலில் நின்று ஒரு பத்து நிமிஷம் பேசினார்கள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பெற்றவளுக்குத் தெரியாதா? அன்று ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் மெதுவாகக் கேட்டேன்.

“என்ன கண்ணு கேட்டாரு?”

“கம்பெனி பஸ்ல தூக்கம் வருமான்னு கேட்டாரும்மா.”

“இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் சம்பளத்துல புடிச்சது போக கைக்கு எவ்ளோ வரும்னுதான் கேட்டாங்க.”

அவளுக்குப் பிடித்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி அவள் சிரித்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஓட்டலில் இருந்து கிளம்புவதற்கு முன் பில் கொடுக்கிற இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் தக்காளி விவசாயம் செய்கிறவர். மண்டியில் கை நிறைய நோட்டாக வாங்கிப் பழகியவர். கிரெடிட் கார்டு என்னுடையது. இந்த மாதிரி இடத்தில் ஆம்பளைதான் காசு கொடுக்க வேண்டும் என்று அதை அவர் வாங்கிக்கொண்டு கல்லாவுக்குப் போனார். பையனின் அப்பாவும் தன் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் அங்கே பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

“நாங்க குடுக்கறம்ங்க, நீங்க சும்மா இருங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஐயய்யோ, அது முறையில்லைங்க. எங்களுது தனி.”

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் சண்டை என்று நினைக்கிற அளவுக்குத் தள்ளிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு நன்றாகவே தெரியும், அவர்கள் நம்மைக் கொடுக்கவிட மாட்டார்கள் என்று. ஆனாலும் கேட்காமல் இருந்தால் மரியாதையில்லை. கல்லாவில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கார்டையும் வாங்கினாள். அவரவர் பில் அவரவர் கார்டில் போட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பையனின் அப்பா வாசலில் கும்பிட்டு, “ஒரு வாரத்துல சொல்றம் தங்கச்சி” என்றார்.

மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன். பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். மாத்திரை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. மதியம் கூட்டம் குறைந்ததும் போனில் வங்கி மெசேஜ்களைப் பார்த்தேன். அந்த ஓட்டல் பெயரில் ஒன்றுக்கு இரண்டு மெசேஜ். ஒன்று எங்கள் பில். இன்னொன்று இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கல்லாவில் சிரித்துக்கொண்டே வாங்கினாளே, இதற்குத்தானா அந்தச் சிரிப்பு என்று தோன்றியது. இப்போதெல்லாம் சின்னத் தொகைக்குக் கார்டை மிஷினில் காட்டினாலே போதும், ரகசிய எண்கூடக் கேட்காது. கல்யாணப் பேச்சில் மயங்கிக் கிடக்கிற குடும்பத்தை ஏமாற்ற அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“நான் ஒரு தடவதான் புள்ள குடுத்தேன்” என்றார். “சரி வுடு. நல்ல காரியத்துக்குப் போன எடத்துல இதப்போயி பெருசு பண்ணிக்கிட்டு.”

விடுகிறவளா நான். உடனே வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒரு எண், கார்டுக்கு ஒரு எண், புகாருக்கு ஒரு எண் என்று அழுத்தி அழுத்திக் கடைசியில் ஒரு மனுஷக் குரல் கிடைத்தது. இந்த இரண்டாவது தொகையை நான் செலவு செய்யவில்லை, எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். கார்டை நிறுத்தினார்கள். புதுக் கார்டு தபாலில் வரும், இந்தத் தொகையை இப்போதைக்கு நீங்கள் கட்ட வேண்டாம், ஓட்டலிடம் ஆதாரம் கேட்போம் என்றார்கள். போனை வைத்தபோது எனக்குள் ஒரு திருப்தி. ஏமாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா.

அந்த வாரம் சேலத்தில் இருந்து ஒரு தகவலும் இல்லை. மகள் தினமும் ராத்திரி போன் பண்ணுவாள். சாப்பிட்டியா, அப்பா எங்க, தக்காளி என்ன விலை போகுது என்று எல்லாம் கேட்பாள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்க மாட்டாள். நானும் சொல்ல ஒன்றுமில்லாமல் தக்காளி விலையையே விரிவாகச் சொல்வேன்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக அதியமான்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வங்கி கேட்கிறபோது கேட்கட்டும், நான் நேரில் ஒரு வார்த்தை கேட்டால்தான் எனக்கு ஆறும். கல்லாவில் அதே பெண்தான் இருந்தாள். நான் குரலை உயர்த்தியதும் மேனேஜர் ஓடி வந்தார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். இரண்டாவது தொகை யாரோ திருடிச் சாப்பிட்டது இல்லை. அதே நாள், அதே நேரம், எங்களுக்குப் பக்கத்து மேசை. பையன் வீட்டார் சாப்பிட்ட சாப்பாடு.

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“ரெண்டு கார்டும் ஒரே பேங்க்கு, ஒரே கலருங்க மேடம். அவங்க ரெண்டு பேரும் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பாக்காம ஒன்னயே ரெண்டு வாட்டி காட்டிட்டேன் போலங்க.”

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்ட வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். “அவங்க நம்பரும் பில்லுல இருக்குதுங்க. இப்பவே போன் போட்டு விஷயத்தச் சொல்லி, உங்களுக்குப் பணத்த அனுப்பச் சொல்லிடறேன்” என்று போனைக் கையில் எடுத்தார்.

“வேண்டாம்!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. தனித்தனி பில் என்று அவ்வளவு கறாராகச் சொன்ன மனுஷன், என் காசில் சாப்பிட்டிருக்கிறார். அவர் மனைவி சாப்பிட்டிருக்கிறார், பையன் சாப்பிட்டிருக்கிறான், கூட வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். இலை போட்டு, ரசம் மோர் வரைக்கும், பாயசத்தோடு. தெரிந்து செய்யவில்லை, தெரியாமல் நடந்துவிட்டது. நான் சாமி, சகுனம் என்று அலைகிறவள் இல்லை. ஆனால் அன்று அந்தக் கல்லா முன்னால் நின்று, கை நனைத்தாயிற்று, இனி எங்கே போவார்கள் என்று என் மனசு துள்ளியதை எப்படி மறைப்பது?

“அந்தப் பில்லும் எங்களுதுதாங்க” என்றேன். “அவங்ககிட்ட ஒன்னும் சொல்ல வேண்டாம். பேங்க்ல குடுத்த புகார நானே வாபஸ் வாங்கிக்கறேன்.”

மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சண்டைக்கு வந்தவள் காபி குடித்துவிட்டுப் போனேன்.

வீட்டில் மகள் ஓசூரில் இருந்து வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அந்த வாரம் முழுக்க எனக்குக் கேட்காத சிரிப்பு.

“அவரு ரெண்டாவது வாட்டி சாம்பார் கேட்டு வாங்குனாரும்மா. நம்ம சாம்பாரா அது?”

“ஆமா. அப்பளம்கூட நம்முளுதுதான்.”

என் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. தான் கையைப் பிடித்து இழுத்ததால்தான் இது நடந்தது என்று அவருக்கு ஒரே பெருமை. நாங்கள் மூன்று பேரும் அன்று சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் கல்யாணம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, சொல்லிவிட்டால் கலைந்துவிடும் என்கிற மாதிரி.

திங்கட்கிழமை வங்கிக்கு மறுபடி போன் போட்டேன். இந்த முறை ஒரு இளம்பெண் எடுத்தாள்.

“மேடம், இந்தத் தொகையை நீங்க செலவு பண்ணலைன்னு போன வாரம் சொல்லியிருக்கீங்க.”

“இப்ப நான்தான் செலவு பண்ணேன்னு சொல்றேன்.”

“உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா மேடம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணம் திரும்ப வேண்டாம் என்று ஒருத்தி கெஞ்சினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? “இல்லம்மா. என் பொண்ணப் பாக்க வந்தவங்க சாப்பாட்டு பில்லு அது. தெரியாம என் கார்டுல வந்துருச்சு. அது என் கணக்குலயே இருக்கட்டும். ஓட்டல்ல எதுவும் கேட்க வேண்டாம்” என்றேன்.

அந்தப் பக்கம் அவள் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள், “வாழ்த்துகள் மேடம்” என்றாள். குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. யார் பெற்ற பிள்ளையோ. என் மகள் கல்யாணத்துக்கு முதல் வாழ்த்துச் சொன்னவள் அவள்தான். வாபஸ் பதிவு செய்துவிட்டேன், ஓட்டலுக்கு ஏற்கனவே ஒரு மெயில் போயிருக்கிறது, அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று அவர்களுக்குத் தகவல் போக ஓரிரு நாளாகும் என்றாள். சரி சரி என்று வைத்துவிட்டேன். அந்த ஓரிரு நாள்தான் எனக்கு எமனாக வந்தது.

புதன்கிழமை. மருந்து வாங்க வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் காலை எத்தனை, ராத்திரி எத்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் வரவு. அனுப்பியவர் பையனின் அப்பா.

அடுத்த நிமிஷமே அவர் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த நர்ஸை ஜன்னலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஸ்டோர் ரூமுக்குப் போனேன்.

“ஏங்க மேடம், மன்னிச்சுக்குங்க” என்றார். “இப்பதாங்க ஓட்டல்ல இருந்து ஒருத்தரு போன் பண்ணாரு. பேங்க்ல இருந்து மெயிலு வந்துச்சாம். எங்க பில்லு உங்க கார்டுல போயிருச்சுன்னாரு. நான் பாக்கவே இல்லைங்க. கேட்ட உடனே போட்டுட்டேன். வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சுங்க. இதுக்கு என்னாங்க இப்ப அவசரம்? நமக்குள்ள என்ன இருக்குது...” என்று நான் இழுத்தேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. யாசகம் கேட்கிற குரல்.

“இல்லைங்க. அப்படி வெக்கக் கூடாதுங்க. அது வேற மாதிரி ஆயிரும்.”

அவர் மூச்சு விடுவது கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

“உங்க புள்ள நல்ல புள்ளைங்க” என்றார். “நல்ல எடமா அமையும்.”

தங்கச்சி என்று கூப்பிட்ட மனுஷன் மேடம் என்றபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அந்தக் குடும்பத்தை மனசுக்குள் கிழிகிழி என்று கிழித்தேன். ஆனால் அவர் மேல் அந்தக் கோபம் நிற்கவே மாட்டேன் என்றது. வீட்டில் வேறு யாருக்கோ பிடிக்காமல் போயிருக்கும், சொல்லச் சொல்லி இவரிடம் தள்ளிவிட்டிருப்பார்கள். பத்து நாளாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறார். ஒரு தவறான பில் வந்து அவருக்கு வழி காட்டிவிட்டது. நான் புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் மட்டும் என்ன? இதே பதில் இன்னும் ஒரு மாதம் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு தரகர் மூலம் வந்திருக்கும்.

ஆனாலும், கையில் வந்து சேர்ந்த காசு இப்படி வலித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்குத் திரும்பிப் போய் மிச்சம் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தேன். அன்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மகளிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வழக்கம்போலத் தக்காளி விலையைச் சொன்னேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, காபி குடித்த பிறகு சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“முழுசாவா அனுப்புனாரு?”

“ஒரு ரூபா கொறையாம.”

நான் ஏற்கனவே ஒரு முடிவோடு இருந்தேன். அந்தப் பணத்தை அப்படியே அவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கூடவே, சாப்பிட்டவர்களிடம் சோற்றுக்குக் காசு வாங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று நறுக்கென்று ஒரு மெசேஜும் போட வேண்டும். அதை இரண்டு நாளாக அடித்து, திருத்தி, மறுபடி அடித்து வைத்திருந்தேன். அவளிடம் காட்டினேன். வாங்கிப் படித்தாள். நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

“ஏன் கண்ணு? உனக்கு ரோஷமே இல்லையா?”

“நீ திருப்பி அனுப்புனா அவரு மறுபடியும் அனுப்புவாரும்மா. நீயும் வுட மாட்ட. அந்த மனுஷன் எத்தன வாட்டிதான் என்னை வேணாம்னு சொல்லுவாரு? ஒரு வாட்டி சொன்னது போதும்.”

போனை என் மடியில் வைத்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். நான் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டேன்.